மடிய வேண்டிய நாற்று பிழைத்தால்

ஒரு செடியின் மரபணு வரிசை முழுவதும் தெரிந்த பிறகும், அதன் புரதங்களுக்கு என்ன நேர்கிறது என்பதை அறிய ஏன் இத்தனை பாடு என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். மரபணு சொல்வது அமினோ அமிலங்களின் வரிசையை மட்டுமே. புரதம் உருவான பின் அதன்மேல் பாஸ்பேட்டோ சர்க்கரையோ உபிக்விடினோ எப்போது ஏறும் என்பதை அந்த வரிசையிலிருந்து படித்துவிட முடியாது. இவற்றுள் 76 அமினோ அமிலங்களாலான உபிக்விடின், சங்கிலியாக ஏறினால், பெரும்பாலும் அந்தப் புரதத்தின் சிதைவுக்கு அடையாளமாகிறது. அந்த அடையாளத்தை இடும் நொதி எது என்பதுதான் சிக்கல். அரபிடாப்சிஸ் என்னும் சிறு செடியிலேயே இவ்வேலையோடு தொடர்புடைய மரபணுக்கள் ஆயிரத்துக்கும் மேல் உள்ளன.

அந்த நொதியைத் தேடிப் பிடிக்க உயிரியலாளர் ஆந்திரியாஸ் பாக்மையர் குழுவினர் 1993இல் வெளியிட்ட வழி எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. பீனைல்அலனினை முதல் அமினோ அமிலமாகக் கொண்ட புரதத்தைச் செல் விரைவில் சிதைத்துவிடும். ஆனால் செல் எந்தப் புரதத்தையும் மெத்தியோனின் என்னும் அமினோ அமிலத்தில்தான் கட்டத் தொடங்குகிறது. பிறகு பீனைல்அலனினை முன்னால் நிறுத்துவது எப்படி? புரதத்தின் தலையில் உபிக்விடினையே சேர்த்து ஒரே மரபணுவாக எழுதிவிட்டால், செல்லின் சொந்த நொதி உபிக்விடின் முடியும் இடத்தில் துல்லியமாக வெட்டிவிடும். அடுத்து நிற்பது எதுவோ, அதுவே முதலாவதாகிவிடும்.

அவ்வாறு அவர்கள் செடிக்குள் அனுப்பியது, மெத்தோட்ரெக்சேட் என்னும் நஞ்சிலிருந்து செடியைக் காக்கக்கூடிய ஒரு நொதியை. இயல்பான செடி தன் காவலனைத் தானே சிதைத்துவிடுவதால், நஞ்சு கலந்த வளர்ப்பு ஊடகத்தில் மடிந்துபோகும். அடையாளமிடும் மரபணு பழுதான நாற்றிலோ காவலன் அழியாமல் நிற்பதால், அது பசுமையாக எழுகிறது. ஆயிரக்கணக்கான நாற்றுகளை ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டியதில்லை. வேண்டியது தானே தலைகாட்டும். பிழைத்தவை எல்லாம் நாம் தேடியவை அல்ல என்பது உண்மைதான், நஞ்சை உள்ளே விடாத செடியும் பிழைக்கலாம். ஆகவே காவலன் நொதி உண்மையிலேயே மிகுந்துள்ளதா என்று அளந்தாக வேண்டும். இப்படிப் பிடிபட்ட மரபணுவுக்குப் பிஆர்டி1 என்று பெயர். அதன் வரிசை 1998இல் வெளியாயிற்று.

பயன் என்ன என்று முதலிலேயே எழுதித் தரச் சொல்லும் நிதிக்குழுக்கள் இத்தகைய தேடலை நிராகரித்துவிடும் என்பது என் எண்ணம். ஆனால் பயன் முன்கூட்டித் தெரிவதில்லை. புரதத்தின் முனையைப் படித்துச் சிதைக்கும் இதே வழியின் மற்றொரு கிளைதான், வெள்ளத்தில் மூழ்கிய செடி ஆக்சிஜன் குறைவை உணர உதவுகிறது என்பது 2011இல்தான் தெரிந்தது. அங்கே புரதத்தின் முனையில் நிற்பது சிஸ்டீன் என்னும் அமினோ அமிலம். ஆக்சிஜன் இருந்தால் அது ஆக்சிஜனேற்றம் அடைய, புரதம் சிதைகிறது, இல்லையேல் நிலைத்து நின்று மூழ்கலைத் தாங்கும் மரபணுக்களை இயக்குகிறது. அந்தச் சிஸ்டீனை அலனின் என்னும் வேறோர் அமினோ அமிலமாக மாற்றி எழுதியபோது, காற்றிலும் புரதம் சிதையாமல் நின்றது.