ஓடைக்குள் சுள்ளி: தண்ணீர் நிதானமானால் மண்ணில் ஈரம் தங்கும்

கிளை கழித்து, புதர் வெட்டிய பிறகு மிஞ்சும் சுள்ளியும் முள்ளும் பெரும்பாலும் தீயில்தான் போகின்றன. பக்கத்திலேயே, மழை பெய்தால் சீறிப் பாய்ந்துவிட்டு அடுத்த வாரமே காய்ந்து கிடக்கும் சிற்றோடை ஒன்று இருந்தால், அந்தக் குவியலை எரிப்பது பெரிய வீண். ஓடைக்குக் குறுக்கே அதைப் பக்குவமாக அடுக்கினால், சில மழைக்காலங்களில் அங்கே ஈரம் பிடிக்கும் நிலமே உருவாகும்.

தண்ணீரின் வேகத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஓடும் நீர் உருட்டக்கூடிய கல்லின் எடை, ஏறக்குறைய வேகத்தின் ஆறாம் அடுக்குக்கு ஏற்பக் கூடும் என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே கணக்குப் போட்டார்கள். வேகம் இரண்டு மடங்கானால் 64 மடங்கு எடையுள்ள கல் உருளும். அதே கணக்கின்படி, வேகம் பாதியாகக் குறைந்தாலே அதுவரை உருட்டி வந்த சரளையிலும் மணலிலும் கனமானதைத் தண்ணீர் அங்கேயே போட்டுவிடும். அதற்காகத் தண்ணீரைத் தடுத்து நிறுத்த வேண்டியதில்லை.

வேகத்தைக் குறைப்பது சொரசொரப்பு. அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மானிங் 1889-ல் முன்வைத்த, ஓடும் நீரின் வேகத்தைக் கணக்கிடும் சூத்திரத்தைப் பொறியாளர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். அதில் சுத்தமான, நேரான இயற்கை ஓடைக்குச் சொரசொரப்பு எண் சுமார் 0.03. புதர் அடைத்த ஓடையில் அது 0.1-ஐயும் தாண்டும். ஒவ்வொரு குச்சிக்குப் பின்னாலும் ஒரு சிறு சுழல் உண்டாகி, நீரின் விசையில் கொஞ்சத்தைத் தின்றுவிடுகிறது. ஆயிரம் குச்சிகள் இருந்தால் ஆயிரம் சுழல்கள். வேகம் குறைந்த தண்ணீர் மட்டம் உயர்ந்து பக்கவாட்டில் பரவும். கரையோர மண்ணுக்குத் தண்ணீர் கிடைப்பது அப்போதுதான்.

முதல் வெள்ளம் வடிந்ததும் சுள்ளித் தடுப்பின் மேற்பக்கம் குனிந்து பாருங்கள். கிளை இடுக்குகளில் இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக்கொண்டிருக்கும். அவற்றுக்கு நடுவே புல் வேரும் விதைகளும் சிக்கியிருக்கும். காலடியில் மணல், அதற்கு மேல் விரலால் தொட்டால் வழுக்கும் மெல்லிய வண்டல். கனமானது முதலில் படியும், நுண்ணியது தண்ணீர் நன்றாக அமைதியான பிறகே படியும். அதனால்தான் இந்த அடுக்கு.

இதைச் சும்மா சேறு என்று ஒதுக்கிவிடக் கூடாது. மணலின் கன அளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வெற்றிடம்தான், அது முழுக்கத் தண்ணீர் நிற்கலாம். வெயில் நேரடியாகப் படாததால், திறந்த குட்டையைப் போல அது சீக்கிரம் ஆவியாகாது. இன்னொரு நன்மையும் உண்டு. படுகையைத் தோண்டிக்கொண்டே போன ஓடை, இரு கரைகளின் நிலத்தடி நீரையும் வடிகால் போல உறிஞ்சிக் கீழே இறக்கிவிடும். புல்லின் வேருக்கு அது எட்டாது. படுகை ஓரடி உயர்ந்தாலும் அதோடு சேர்ந்து கரையின் நீர்மட்டமும் மேலேறும். மழை ஓய்ந்த பிறகு அந்த நீர் மெல்லக் கசிந்து ஓடைக்கே திரும்பும்.

கிளைகளைக் கொண்டு ஓடையில் அணை கட்டும் பீவர் என்ற கொறிவிலங்கு காலங்காலமாகச் செய்துவரும் வேலை இது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், ஆழமாக அரித்துப்போயிருந்த பிரிட்ஜ் கிரீக் ஓடையில் 2009 முதல் மரமுளைகளை அடித்து, இடையே கிளைகளைப் பின்னி, நூற்றுக்கும் மேற்பட்ட தடுப்புகளைக் கட்டினார்கள். பீவர்களும் வந்து சேர்ந்துகொண்டன. நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்தது, ஸ்டீல்ஹெட் மீன் குஞ்சுகள் அதிகம் பிழைத்தன என்று 2016-ல் ஆய்வு முடிவுகள் வெளியாயின.

சரி, எப்படிக் கட்டுவது? முளைகளை ஆழமாக அடித்து, அவற்றுக்கிடையே கிளைகளை நெருக்கமாகத் திணித்து மிதிக்க வேண்டும். இரு முனைகளும் கரைக்குள் நன்றாகப் புதைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் ஓரமாகச் சுற்றிப்போய்க் கரையைத் தின்னும். நடுப்பகுதி ஓரங்களைவிடத் தாழ்வாக இருக்கட்டும். தண்ணீர் வழிந்து விழும் கீழ்ப்பக்கத்தில் ஒரு படுக்கை கிளை பரப்புங்கள், விழும் நீர் பள்ளம் பறிக்காது. உயரம் முழங்காலளவு போதும். ஒன்றை உயரமாகக் கட்டுவதைவிடக் குட்டையாகப் பலவற்றைக் கட்டுவதே என் கட்சி. ஒன்று பிய்த்துக்கொண்டு போனாலும் அதன் கிளைகள் அடுத்ததில் போய்ச் சிக்கும்.

சில ஆண்டுகளில் குச்சி மக்கிவிடுமே என்ற கவலை நியாயமானது. மாறி மாறி நனைந்து காயும் கிளைதான் சீக்கிரம் மக்கும். நீர் ஊறிய வண்டலுக்குள் புதைந்ததற்கு ஆக்சிஜன் கிடைக்காது, அதனால் நெடுநாள் தாங்கும். அதற்குள் புல்லும் செடியும் வேர்விட்டு மண்ணைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வில்லோ போல, நட்ட கிளையே துளிர்க்கும் மரம் கிடைத்தால் அடிக்கும் முளைக்கம்பாகவே அதைப் பயன்படுத்தலாம்.

எல்லா ஓடைக்கும் இது ஒத்துவராது. அடியில் வெறும் பாறை என்றால் நீர் இறங்க இடமில்லை. இறுகிய களிமண்ணில் பலன் மெதுவாகத்தான் தெரியும். பெரிய ஆற்றில் சுள்ளி நிற்காது. கீழே சாலைக்கு அடியில் குழாய்ப்பாலம் இருந்தால், அடித்துவரும் கிளைகள் அதை அடைத்துவிடும். அங்கே கட்டவே வேண்டாம். இரும்புக் கம்பி, பிளாஸ்டிக் கயிறு, மருந்து பூசிய மரம் எதையும் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் போய்ப் பார்த்து, வண்டல் விளிம்புவரை ஏறியிருந்தால் அதன்மேலேயே இன்னொரு அடுக்கு கிளையை வைத்துக் கட்டுங்கள்.