இளைக்கும் மாட்டின் இரத்தத்தில் ஈயத்தைத் தேடுங்கள்

பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் பிரித்த ஒரு கொட்டகையின் பக்கத்துத் தரிசில் மேய்ந்து வந்த கலப்பினக் கறவை மாடு ஒன்று, கன்று ஈன்ற இரண்டாம் மாதத்திலேயே பால் வற்றி, விலா எலும்பு தெரிய இளைத்த நிலையில் என்னிடம் வந்தது. குடற்புழு மருந்தும் இரும்புச்சத்து ஊசியும் ஏற்கெனவே கொடுத்திருந்தார்கள். சீரம் (இரத்தம் உறைந்தபின் அணுக்கள் நீங்கிப் பிரியும் தெளிநீர்) பரிசோதனையில் ஈரல் நொதிகளும் யூரியாவும் இயல்பாக இருந்ததால், தீவனக் குறைபாடு என்றே முடிவு செய்திருந்தார்கள். கீழ் இமையைப் புரட்டினால் உட்புறம் வெளிறிக் கிடந்தது. காது நரம்பிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்துச் சாயமேற்றிப் பார்த்தபோது, தைலேரியா போன்ற உண்ணிக் காய்ச்சல் கிருமிகள் எதுவும் தென்படவில்லை. சிவப்பணுக்கள் பலவற்றில் பொடிப்பொடியாக நீலப் புள்ளிகள் இருந்தன.

மாடுகளில் வேறு இரத்தசோகைகளிலும் இப்புள்ளிகள் வரும் என்பதால், இவற்றை மட்டும் வைத்து ஈயம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அவை ஏன் வருகின்றன என்பதை அறிந்துகொள்வது அவசியம். ஹீமோகுளோபின் உருவாகும் பாதையில் ஈயம் இரண்டு இடங்களில் குறுக்கிடுகிறது: தொடக்கத்தில் அமினோலெவுலினிக் அமிலத்தை மாற்றும் நொதியை முடக்குகிறது, இறுதியில் இரும்பைச் சேர்க்கும் நொதியைத் தடுக்கிறது. உடலில் இரும்பு இருந்தும் அது பயன்படாமல் போவதால், எத்தனை இரும்பு ஊசி போட்டாலும் சோகை தீராது. சிவப்பணுவில் மிஞ்சும் ஆர்என்ஏவைச் சிதைக்கும் நொதியும் முடங்குவதால், அந்த மிச்சமே நீலப் புள்ளிகளாகத் தெரிகிறது.

இரத்தத்திலுள்ள ஈயத்தில் ஏறக்குறைய 90 சதவீதத்துக்கும் மேல் சிவப்பணுக்களோடு ஒட்டியிருக்கிறது. ஆகவே சீரத்தை மட்டும் பிரித்து அனுப்பினால் நஞ்சு நம் கையை விட்டுப் போய்விடுகிறது. இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் மருந்திட்ட குழாயில் முழு இரத்தமாகவே அனுப்ப வேண்டும். இம்மாட்டின் முழு இரத்தத்தில் ஈயம் 0.35 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 0.35 பங்கு) அளவைத் தாண்டியிருந்தது. நஞ்சேறாத மாடுகளில் இது பொதுவாக 0.1 பிபிஎம்முக்குக் கீழேதான் இருக்கும்.

உடலில் சேரும் ஈயம் எலும்பில் தங்கிவிடுகிறது. ஈன்ற பின் பாலுக்காக எலும்பிலிருந்து சுண்ணாம்புச்சத்து இறங்கும்போது ஈயமும் உடன் இறங்கிப் பாலில் கலக்கிறது. மாடு நக்கி விழுங்கிய பேட்டரித் தகட்டுத் துண்டுகள் இரண்டாம் வயிற்றில் தங்கி, மாதக்கணக்கில் கரைந்துகொண்டே இருக்கவும் கூடும். மேய்ச்சலை மாற்றிய பிறகும் இரத்த அளவு உடனே இறங்காததற்கு இவையே காரணம்.

செம்மறி ஆட்டில் செம்பு நஞ்சு இதற்கு நேர்மாறானது. மாட்டுக்கான தாது உப்புக் கலவையை ஆட்டுக்கும் வைக்கும் பட்டிகளில், ஈரலில் செம்பு சேர்ந்துகொண்டே போகும். அப்போதும் இரத்தச் செம்பு இயல்பாகவே காட்டும், ஈரல் நொதிகளோ சிறுநீர் கருஞ்சிவப்பாக மாறுவதற்குச் சில வாரங்கள் முன்பே உயரத் தொடங்கிவிடும். அங்கே சீரம்தான் முதலில் பேசும்.

அந்த மாட்டின் பாலைக் கன்றுக்கும் கொடுக்க வேண்டாம் என்றபோது, “இத்தனை நாளும் வீட்டுப் பிள்ளைங்க குடிச்சுதுங்களே, டாக்டர்?” என்று வீட்டுக்கார அம்மா கேட்டார். பிள்ளைகளுக்கும் இரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கச் சொல்லி, அன்றே கடிதம் எழுதிக் கொடுத்தேன்.