டப்பாவுக்குள் நமுத்துப்போகும் குக்கீ

மூன்றாம் நாள் டப்பாவைத் திறந்தேன். கிராம்பும் பட்டையும் கலந்த வாசம் குப்பென்று அடித்தது. அதுவரை சந்தோஷம்தான். மேலிருந்த இஞ்சிக் குக்கீயை எடுத்து உடைக்கப் பார்த்தேன்; உடையவில்லை, வளைந்தது. சுட்டு ஆறிய அன்று 'டக்'கென்று முறிந்த அதே குக்கீ. கீழ் அடுக்கில் பஞ்சு மாதிரி இருந்த பூசணிக் குக்கீயின் ஓரம் வறண்டு கிடந்தது. மேப்பிள் இலை வடிவில் வெட்டி, சிவப்பும் மஞ்சளுமாக ஐசிங் பூசியிருந்த வெனிலா குக்கீகளில் இரண்டில், நடு நரம்பை ஒட்டி மயிரிழை விரிசல். யாருக்கும் கொடுக்க முடியாத பரிசு.

மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. வெளியிலிருந்து ஈரக்காற்று நுழைய வழியில்லை. அப்படியானால் இஞ்சிக் குக்கீக்குள் போன தண்ணீர் எங்கிருந்து வந்தது? கீழ் வீட்டிலிருந்துதான், அதாவது பூசணிக் குக்கீயிடமிருந்து. இலையுதிர் காலத்துக்கென்று நாலைந்து வகை சுட்டு ஒரே டப்பாவில் அடுக்கித் தருபவர்கள் மாவைப் பற்றியும் ஓவனைப் பற்றியும் அலங்காரத்தைப் பற்றியும்தான் கவலைப்படுவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் பாதிச் சோதனை மூடி போட்ட பிறகுதான் தொடங்குகிறது. ஏன் என்று புரிய, மாவு பிசையும்போதே தண்ணீரைப் பின்தொடர வேண்டும்.

குக்கீ மாவில் யாரும் தண்ணீரை அளந்து ஊற்றுவதில்லை. ஆனாலும் தண்ணீர் இருக்கிறது. வெண்ணெயில் சுமார் 16 விழுக்காடு, முட்டையில் முக்கால் பங்கு, உலர்ந்ததாகத் தெரியும் மைதாவிலேயே 13, 14 விழுக்காடு. பூசணி விழுதில் 90 விழுக்காட்டுக்கும் மேல். ரொட்டி மாவோடு ஒப்பிட்டால் மொத்தத்தில் இது சொற்பம். இந்தச் சொற்பத்துக்கும் போட்டா போட்டி. மைதாவின் புரதங்களுக்குக் குளூட்டன் என்ற இழுவையான வலை பின்னத் தண்ணீர் வேண்டும், மாவுச்சத்துக்கு வீங்கிக் கூழாக வேண்டும், சர்க்கரைக்குக் கரைய வேண்டும். பெரும்பாலும் ஜெயிப்பது சர்க்கரைதான். போதாக்குறைக்கு வெண்ணெய், மாவுத் துகள்களின் மேல் பூச்சாகப் படிந்து தண்ணீரைக் கிட்ட நெருங்க விடுவதில்லை. அதனால் மொறுமொறு குக்கீயில் குளூட்டன் வலை அரைகுறையாகவே நிற்கிறது. மாவுச்சத்தின் பெரும்பகுதி வேகாமல் மணிமணியாக அப்படியே தங்கிவிடுகிறது. இந்த வேகாத மாவுச்சத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு வழக்கில் சாட்சி சொல்ல வரும்.

சரி, ஓவனுக்குள் போவோம். கண்ணாடிக் கதவு இருந்தால் அதன் முன் ஒரு பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். முதல் ஓரிரு நிமிடம் ஒன்றும் நடக்காது. அப்புறம் மாவு உருண்டையின் மேல்பரப்பு பளபளக்கும். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடுகிற பொருள். 175 டிகிரி ஓவனில் அதற்கு அதிக நேரம் ஆகாது. சூடு ஏற ஏற, அதுவரை கரையாமல் கிடந்த சர்க்கரையும் அந்தக் கொஞ்சத் தண்ணீரில் கரைந்து பாகாகிறது. அதாவது, சர்க்கரை கரையக் கரைய மாவில் திரவத்தின் அளவே கூடுகிறது. சர்க்கரை அதிகமான மாவு தட்டில் பரவி ஓடுவது இதனால்தான். முட்டைப் புரதம் இறுகி, தண்ணீரும் குறைந்து, மாவு நகர முடியாத கெட்டியை எட்டும்வரை இந்த ஓட்டம் நிற்காது.

இலை வடிவக் குக்கீக்கு இந்த ஓட்டம்தான் எமன். மேப்பிள் இலையின் கூர்முனைகள் மழுங்கி, வெளியே எடுக்கும்போது நட்சத்திரமா தவளைப் பாதமா என்று தெரியாத ஏதோ ஒன்று தட்டில் இருக்கும். வெட்டிய துண்டுகளைத் தட்டோடு அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுச் சுட்டால் முனைகள் நிற்கும். குளிர்ந்த வெண்ணெய் உருகுவதற்குள் ஓரங்கள் இறுக ஆரம்பித்துவிடுவதே காரணம். இந்த வகைக்குச் சோடாவும் வேண்டாம். மாவு உப்பினால் வடிவம் போய்விடும்.

உப்புவதைப் பற்றி ஒரு வார்த்தை. சமையல் சோடாவோ பேக்கிங் பவுடரோ புதிதாகக் குமிழிகளை உண்டாக்குவதில்லை; ஏற்கெனவே மாவில் இருக்கும் குமிழிகளைத்தான் ஊதிப் பெரிதாக்குகின்றன. அந்த ஆரம்பக் குமிழிகள் வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து அடிக்கும்போது உருவானவை. சர்க்கரைப் படிகத்தின் கூரான விளிம்புகள் வெண்ணெய்க்குள் காற்றை இழுத்துக்கொண்டு போகின்றன. வெண்ணெய் உருகியிருந்தால் காற்று நிற்காது, கல்லாக இருந்தால் நுழையாது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், விரல் வழுக்கிக்கொண்டு போகக் கூடாது, அதுதான் பதம்.

இஞ்சிக் குக்கீ இலைக் குக்கீக்கு நேர் எதிர். அதற்கு உப்பவும் வேண்டும், மேலே வெடிக்கவும் வேண்டும். மொலாசஸில், அதாவது கரும்புச் சாற்றிலிருந்து சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கருப்புப் பாகில், இயல்பாகவே அமிலம் இருப்பதால் சோடா அதோடு வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடை விடுகிறது. சுடுவதற்கு முன் உருண்டையைச் சர்க்கரையில் புரட்டுகிறோம் இல்லையா? அந்தச் சர்க்கரை மேல்பரப்பின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ள, மேல்தோல் சீக்கிரம் காய்கிறது. உள்ளே மாவு இன்னும் விரிந்துகொண்டிருக்கும். காய்ந்த தோலால் கூடவே விரிய முடியாது. வெடிக்கிறது. காய்ந்த குளத்து மண் மாதிரி அந்த மேல்பரப்பு வருவது இப்படித்தான்.

சோடா இன்னொரு வேலையும் செய்கிறது. மாவை அமிலத்துக்கு எதிரான காரத்தன்மைப் பக்கம் தள்ளி, நிறம் ஏறுவதை வேகப்படுத்துகிறது. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மையார் 1912-இல் விவரித்த வினை இது. அமினோ அமிலமும் சில வகைச் சர்க்கரைகளும் சூட்டில் சேர்ந்து பழுப்பு நிறத்தையும் நூற்றுக்கணக்கான மணப்பொருள்களையும் தருகின்றன. வெள்ளைச் சர்க்கரை அப்படியே இந்த வினையில் இறங்காது. முதலில் அது குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைய வேண்டும். மொலாசஸிலும் தேனிலும் இவை தயாராகவே இருக்கின்றன. அதனால்தான் மொலாசஸ் சேர்த்த குக்கீ கண்மூடித் திறப்பதற்குள் கருகுகிறது. மாவில் தண்ணீர் நிறைய இருக்கும்வரை அந்த இடத்தின் வெப்பம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். காய்ந்த பிறகுதான் மேலே ஏறும். முதலில் காய்வது ஓரம், முதலில் சிவப்பதும் ஓரம்.

இஞ்சியின் வேதியியல் எனக்கு மிகவும் பிடித்த இடம். பச்சை இஞ்சியின் காரம் ஜிஞ்சரால் என்ற பொருளால் வருவது. இஞ்சி காய்ந்து சுக்காகும்போது அதில் ஒரு பகுதி தண்ணீர் மூலக்கூறை இழந்து ஷோகால் ஆகிறது. இது ஜிஞ்சராலைவிடக் காரம். வேகவைத்தாலோ ஜிஞ்சராலிலிருந்து ஜிஞ்சரோன் உண்டாகிறது. அது சாதுவானது, கொஞ்சம் இனிப்பு மணம் உடையது. ஆகவே சுக்குப் பொடி போட்ட குக்கீயும் இஞ்சி துருவிப் போட்ட குக்கீயும் ஒரே செடியில் பிறந்தும் ஒரே ருசி அல்ல. நான் இரண்டையும் போடுகிறேன்.

இப்போது குக்கீ வெளியே வந்துவிட்டது. தொட்டால் மெத்தென்று இருக்கும். வேகவில்லையோ என்று பயந்து மறுபடி உள்ளே தள்ளாதீர்கள். ஓவனை விட்டு வரும்போது எல்லாக் குக்கீயும் மெத்தென்றுதான் இருக்கும், மொறுமொறு வகையும் சேர்த்து. ஏனென்றால் உள்ளே இருப்பது சூடான, அடர்த்தியான சர்க்கரைப் பாகு. ஆற ஆற அந்தப் பாகு படிகமாகாமல் அப்படியே உறைந்து கண்ணாடி நிலைக்குப் போகிறது. ஜன்னல் கண்ணாடி எப்படி வளையாமல் முறிகிறதோ அதே குணம். இந்தக் கண்ணாடிக்குப் பெரிய எதிரி தண்ணீர். சில விழுக்காடு ஈரம் ஏறினாலே மூலக்கூறுகளுக்கு அசைய இடம் கிடைத்துவிடும், கண்ணாடி ரப்பராகிவிடும். நாம் 'நமுத்துப்போச்சு' என்று ஒரே வார்த்தையில் சொல்வது இதைத்தான்.

இனி டப்பா. தண்ணீர் எங்கிருந்து எங்கே போகும் என்பதை, எதில் எத்தனை விழுக்காடு இருக்கிறது என்பதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. தேனில் 17, 18 விழுக்காடு தண்ணீர் உண்டு. ஆனாலும் வருடக்கணக்கில் கெடுவதில்லை. அந்தத் தண்ணீரைச் சர்க்கரை இறுகப் பிடித்து வைத்திருக்கிறது. உணவு அறிவியலில் இதை அளக்க நீர்ச்செயல்பாடு என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். தண்ணீர் எவ்வளவு கட்டுப்படாமல் இருக்கிறது என்பதை அது சொல்லும். சுத்தமான தண்ணீருக்கு 1, மொறுமொறுவென்ற குக்கீக்கு ஏறக்குறைய 0.2 அல்லது 0.3, ஈரப்பதமான பூசணிக் குக்கீயில் 0.7-ஐத் தாண்டலாம். தண்ணீர் எப்போதும் அதிகச் செயல்பாடு உள்ள இடத்திலிருந்து குறைவான இடத்துக்கே போகும். இரண்டு குக்கீயும் ஒன்றையொன்று தொட வேண்டும் என்றுகூட இல்லை. நடுவில் இருக்கும் காற்று போதும். ஆவியாகிப் போய்ச் சேர்ந்துவிடும். மூடி எவ்வளவு இறுக்கமோ அவ்வளவுக்கு இந்தப் பண்டமாற்று பிசகில்லாமல் நடக்கும். என் டப்பாவில் மூன்று நாளில் நடந்து முடிந்தது அதுதான்.

அந்த வழக்குக்கு வருகிறேன். 1991-இல் பிரிட்டனில் ஒரு வரித் தீர்ப்பாயம், ஜாஃபா கேக் என்ற, மேலே சாக்லேட் பூசிய தின்பண்டம் கேக்கா பிஸ்கட்டா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. கேக்குக்கு மதிப்புக் கூட்டு வரி கிடையாது. சாக்லேட் பூசிய பிஸ்கட்டுக்கு உண்டு. தீர்ப்பாயம் பார்த்த பல அம்சங்களில் ஒன்று, பழசானால் அது என்ன ஆகிறது என்பது. கேக் பழசானால் கெட்டியாகும், பிஸ்கட் பழசானால் நமுத்துப்போகும். ஜாஃபா கேக் கெட்டியானது. கேக் என்றே தீர்ப்பாயிற்று. இதற்குப் பின்னால் இருப்பது நாம் முன்பு பார்த்த மாவுச்சத்து. கேக்கிலும் ரொட்டியிலும் அது தண்ணீர் குடித்து நன்றாக வெந்திருக்கும். நாள் ஆக ஆக மீண்டும் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு இறுகும். மொறுமொறு குக்கீயில் பெரும்பாலும் வேகவே இல்லை, எதை அடுக்குவது?

விரிசலுக்கு டப்பாவைக் குறை சொல்ல முடியாது. மெல்லிய குக்கீயைச் சீக்கிரமாக, நல்ல சூட்டில் சுட்டால் ஓரம் எலும்பாகக் காய்ந்து நடுவில் ஈரம் தங்கிவிடும். ஆறிய பிறகு அந்த ஈரம் மெதுவாக ஓரத்தை நோக்கி நகர்கிறது. ஓரம் ஈரம் வாங்கிப் பூரிக்கிறது, நடு ஈரம் இழந்து சுருங்குகிறது. இழுபறி தாங்காமல் சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ நடுவில் கோடு விழுகிறது. பிஸ்கட் ஆலைகளுக்கே இது பழைய தலைவலி. வீட்டில் என்றால், ஓவன் சூட்டைக் கொஞ்சம் குறைத்து நேரத்தைக் கூட்டினால் ஓரமும் நடுவும் ஏறக்குறைய சேர்ந்து காயும். மாவு எல்லா இடத்திலும் ஒரே தடிமனாகத் தேய்க்கப்பட்டிருப்பதும் முக்கியம்.

தண்ணீர் மட்டும் ஊர்வதில்லை, வாசனையும் ஊரும். கிராம்பின் யூஜினால், பட்டையின் சின்னமால்டிஹைட் எல்லாம் ஆவியாகக் கூடியவை, கொழுப்பில் கரைபவை. வெண்ணெய் நிறைந்த வெனிலா குக்கீ அவற்றுக்கு விரித்து வைத்த மெத்தை.

ஆகவே இப்போது நான் செய்வது: இஞ்சிக் குக்கீ தனி டப்பா, இலைக் குக்கீ தனி டப்பா. பூசணிக் குக்கீயைக் கடைசியாக, கொடுப்பதற்கு முந்தின நாள்தான் சுடுகிறேன். விழுதை முதலில் துணியில் பிழிந்தோ வாணலியில் சுண்டவைத்தோ தண்ணீரைக் குறைத்துவிடுகிறேன். அதன் ஈரம் பூஞ்சைக்கும் இடம் கொடுக்கும். நீர்ச்செயல்பாடு 0.6-க்குக் கீழே போனால் எந்த நுண்ணுயிரும் வளராது, மொறுமொறு வகைகள் வாரக்கணக்கில் தாங்குவது அதனால். எல்லாம் நன்றாக ஆறிய பிறகே மூடுகிறேன். வெதுவெதுப்பாக மூடினால் மூடியின் அடியில் நீர் கோத்துக்கொள்ளும். வால்நட் சேர்த்ததை முதலில் கொடுத்துத் தீர்க்க வேண்டும், அதன் எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். கொட்டை வகை இருப்பதை டப்பாவின் மேல் எழுதியும் விடுங்கள், ஒவ்வாமை உள்ளவர்கள் இருப்பார்கள். பச்சை மாவை ருசி பார்க்காதீர்கள். முட்டை மட்டுமல்ல, மைதாவும் வேகாத பொருள்தான். அப்புறம் கொடுக்கிற அன்று காலையில், ஒவ்வொரு வகையையும் தனித்தனி உறையில் போட்டு ஒட்டி மூடி, எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடுக்குகிறேன்.

அந்தப் பழைய டப்பா என்ன ஆயிற்று என்றால், வளைந்த இஞ்சிக் குக்கீகளை 150 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்து எடுத்து ஆறவிட்டேன். ஏறிய தண்ணீர் போயிற்று, பாகு திரும்பவும் கண்ணாடியானது, 'டக்' சத்தம் திரும்பி வந்தது. பூசணிக் குக்கீ டப்பாவில் ஒரு ரொட்டித் துண்டைப் போட்டு ஒரு ராத்திரி விட்டேன்; ரொட்டி காய்ந்தது, குக்கீ கொஞ்சம் தேறியது. விரிசல் விட்ட வெனிலா இலைகளுக்குத்தான் வழி இல்லை. கிராம்பு வாசம் அவற்றை விட்டுப் போகவே இல்லை. ஒரு வாரம் காப்பிக்குத் தொட்டுக்கொள்ள அவைதான் இருந்தன.