கறுப்புப் பட்டையை எடுக்காதீர்கள்: கௌபாய் படம் பார்ப்பவர்களுக்கு ஒரு எடிட்டரின் வேண்டுகோள்

டிவி சேனல்களுக்கும் ஓடிடி தளங்களுக்கும் படங்களின் மாஸ்டர் (ஒளிபரப்புக்கான இறுதிப் பிரதி) தயாரித்துக் கொடுப்பது என் தொழில். அடிக்கடி காதில் விழும் கோரிக்கை ஒன்று உண்டு: "மேலயும் கீழயும் கறுப்பா பட்டை வருது சார், அதை மட்டும் எடுத்துடுங்க." பட்டையை எடுக்க வேண்டுமானால் படத்தைப் பெரிதாக்கி ஓரங்களை வெட்ட வேண்டும். எந்தப் படத்துக்கும் இது கெடுதல்தான். பழைய கௌபாய் படங்களுக்கோ உயிரே போய்விடும்.

குதிரை, தொப்பி, துப்பாக்கி எல்லாம் இவற்றின் மேல்வேஷம். 1865-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்ததிலிருந்து, குடியேற்றத்தின் எல்லைப்புறம் என்று இனி ஒன்று இல்லை என 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காட்டியது வரை கால் நூற்றாண்டு. பெரும்பாலான கதைகள் அதற்குள் அடங்கிவிடும். ரயிலும் தந்தியும் வந்துகொண்டிருக்கின்றன, சட்டம் இன்னும் வந்து சேரவில்லை. அந்த இடைவெளியில் ஒருவன் யார் பக்கம் நிற்பது என்று முடிவெடுக்க வேண்டும். இதைச் சொல்ல இயக்குநர்கள் பெரிதும் நம்பியவை இரண்டு: வெட்டவெளி, காத்திருப்பு. முதலாவதை நாம் ஜூம் செய்து கெடுக்கிறோம். இரண்டாவதை வேகத்தைக் கூட்டிக் கெடுக்கிறோம்.

ஜான் ஃபோர்டின் 'ஸ்டேஜ்கோச்' (1939) அகலத்திரைப் படமே இல்லை. அதன் ஃபிரேம் 1.37-க்கு 1 (உயரம் 1 என்றால் அகலம் 1.37), ஏறக்குறைய சதுரம். மான்யுமென்ட் பள்ளத்தாக்கின் பாறைகளுக்கு அடியில் அந்தக் குதிரை வண்டி எறும்பாகப் போகும். வண்டியைவிட வானம்தான் அதிகம், வேண்டுமென்றே. இதை இன்றைய நீள செல்போனில் இரண்டு விரலால் விரித்து நிரப்பினால் உயரத்தில் சுமார் 38 சதவீதம் காணாமல் போகும். வானம் போன பிறகு அது வெறும் வண்டி. (இன்னொன்றும் கவனியுங்கள்: அந்தப் பள்ளத்தாக்கு நவாஹோ மக்களின் நிலம். இந்தப் படத்தில் அபாச்சிகளாகவும், 1956-ல் வந்த 'தி சர்ச்சர்ஸி'ல் கொமாஞ்சிகளாகவும் வருபவர்கள் அவர்களே. வெட்டவெளி என்று நாம் ரசிப்பது யாரோ ஒருவரின் ஊர்.)

செர்ஜியோ லியோனியின் படங்களில் சேதம் பக்கவாட்டில். 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' (1966) டெக்னிஸ்கோப்பில் எடுக்கப்பட்டது. ஒரு ஃபிரேமுக்கு, ஃபிலிம் ஓரத்துத் துளைகளில் நான்குக்குப் பதில் இரண்டு துளை உயரம் மட்டும் ஃபிலிமைப் பயன்படுத்தி, பாதி ஃபிலிம் செலவில் அகலத்திரை பெறும் இத்தாலியச் சிக்கனம் அது. திரையளவு 2.35-க்கு 1. அதை டிவியில் பட்டையில்லாமல் நிரப்பினால் படத்தில் கால்வாசி வெளியே போய்விடும். லியோனி ஒரு ஓரத்தில் முகத்தை வைத்து, மறு ஓரத்தில் தூரத்து எதிரியை நிறுத்துகிறவர். கடைசிக் கல்லறைத் தோட்டத்தில் மூவர் மோதும் காட்சியில் யார் யாரிடமிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள் என்பதுதான் பதற்றமே. அதை வெட்டிவிட்டு, "என்னப்பா இவ்வளவு நேரம் முறைக்கிறாங்க" என்று கேட்டால் நியாயமா?

இந்தத் தவறைப் பெரிய ஸ்டூடியோக்களும் செய்திருக்கின்றன. ஜார்ஜ் ஸ்டீவன்ஸின் 'ஷேன்' 1.37 அளவுக்காகப் படமாக்கப்பட்டது. 1953-ல் வெளிவரும் நேரத்தில் அகலத்திரை மோகம் பரவ, பாரமவுண்ட் மேலும் கீழும் மறைத்து 1.66 ஆக்கித் திரையிட்டது. ஒளிப்பதிவாளர் லாயல் கிரிக்ஸுக்கு ஆஸ்கர் கிடைத்த படம் இது! 2013-ல் ப்ளூ-ரே வந்தபோதும் முதலில் 1.66 என்றுதான் திட்டம். ரசிகர்கள் எதிர்த்த பிறகே 1.37-க்குத் திரும்பினார்கள். இதே படத்தில் துப்பாக்கி அபூர்வமாகவே வெடிக்கும். வெடித்தால் தூக்கிவாரிப்போடும். டிவியில் 'நைட் மோட்' போட்டால் ஒலியின் ஏற்ற இறக்கம் சமமாகி, அந்த அதிர்ச்சியும் போய்விடும்.

இனி வேகம். ஃபிரெட் சின்னமனின் 'ஹை நூன்' (1952) 85 நிமிடம்தான். கதைக்குள் ஓடும் நேரமும் ஏறக்குறைய அவ்வளவே. நண்பகல் ரயிலில் எதிரி வருகிறான், ஊரின் காவல் அதிகாரியான மார்ஷலுக்குத் துணை நிற்க ஊரில் ஆளில்லை, சுவர்க் கடிகாரம் நகர்கிறது. எடிட்டிங்குக்கு ஆஸ்கர் வாங்கிய இந்தப் படத்தை 1.5 மடங்கு வேகத்தில் பார்ப்பவர்களை எனக்கே தெரியும். கடிகாரத்தையே நாயகனாக்கிய படத்தில் கடிகாரத்தைத் தள்ளிவிட்டால் என்ன மிஞ்சும்?

டிவி அமைப்பில் திரையளவை 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஃபிட் டு ஸ்க்ரீன்' என்று வையுங்கள், கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். நிறத்தையும் வெளிச்சத்தையும் தூக்கிக் காட்டும் 'விவிட்' வேண்டாம். 'தி சர்ச்சர்ஸ்' இருட்டான வீட்டுக்குள்ளிருந்து கதவு திறந்து பாலைவனத்தைக் காட்டித் தொடங்கும். அந்த இருட்டு சாம்பல் நிறமாகிவிடக் கூடாது. நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்ததை சீரியல் மாதிரி வழுக்க வைக்கும் மோஷன் வசதியையும் அணைத்துவிடுங்கள். 'ஃபிலிம்மேக்கர் மோட்' இருந்தால் அந்த ஒரு பொத்தானே பெரும்பாலும் போதும்.

பார்க்கும் முன் ஓடும் நேரத்தையும் ஒரு கண் பாருங்கள். லியோனியின் 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் தி வெஸ்ட்' (1968) அமெரிக்காவில் சுமார் 20 நிமிடம் குறைக்கப்பட்டு 145 நிமிடமாக ஓடியது. உங்கள் தளத்தில் 165 நிமிடத்தை ஒட்டி இருந்தால் தைரியமாகப் போடுங்கள். ரயில் நிலையத்தில் மூன்று பேர் காத்திருக்கும் முதல் காட்சியில் பேச்சு மிகக் குறைவு. காற்றாலை கிறீச்சிடும், தண்ணீர் சொட்டும், ஒரு ஈ பறக்கும். தயவுசெய்து தள்ளிவிடாதீர்கள்.