விஸ்கிக்குள் புகை ஏறும் வழி

காலபோக நெல் அறுவடையாகி வீடு வந்து சேரும் மாசி, பங்குனி மாதங்களில் வன்னியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. அவித்த நெல்லை முற்றத்துப் பாயிலோ களத்திலோ, சில ஊர்களில் தார்வீதியின் ஓரத்திலோ பரப்பிவிட்டால் அது தானே காய்ந்துவிடும். ஈரத் தானியத்தை உலர்த்துவதற்கென்று நெருப்பு மூட்ட வேண்டிய தேவை இங்கே எழுவதில்லை. ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள ஐலா தீவில் நிலைமை நேர்மாறானது. மழையும் கடற்காற்றும் அங்கு ஆண்டு முழுவதும் ஓய்வதில்லை. விறகு தரும் மரங்களும் மிகக் குறைவு. ஆகவே அத்தீவினர், விஸ்கிக்காக முளைகட்டிய பார்லியை உலர்த்துவதற்குச் சதுப்பு நிலத்திலிருந்து வெட்டியெடுத்த முற்றா நிலக்கரியை எரித்தார்கள். புகை மணத்துக்குப் பேர்போன லஃப்ரோய்க், லகவூலின், ஆர்ட்பெக் ஆகிய விஸ்கிகள் மூன்றும் அந்தத் தீவினுடையவை. அவற்றின் புகை, வடிக்கும் அடுப்பிலிருந்து வந்தது என்றும் கரித்த பீப்பாவிலிருந்து வந்தது என்றும் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில், மதுவாக மாறுவதற்கு முன்பே தானியத்தின் உமியில் அது ஏறிவிடுகிறது.

முற்றா நிலக்கரி என்பது நீரில் மூழ்கி, ஒட்சிசன் போதாமையால் முழுமையாக உக்காமல் அடுக்கடுக்காகப் படிந்த பாசியும் புல்லும் புதர்வேர்களும்தான். அது ஆண்டுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் அளவே வளர்வதால், ஒரு மீற்றர் ஆழத்துக்குப் படிய ஆயிரம் ஆண்டுகள் வரை செல்லும். இரணைமடுவிலும் வவுனிக்குளத்திலும் முத்தையன்கட்டிலும் நீருக்குக் குறைவில்லையே, அங்கு ஏன் இது உண்டாவதில்லை என்று கேட்கலாம். கோடையில் நீர் வற்றிக் குளத்தின் ஓரங்கள் வெடித்துக் காயும்போது காற்று உட்புகுகிறது. அந்த வெப்பத்தில் நுண்ணுயிர்கள் இலைதழைகளை எளிதில் உக்கச் செய்துவிடுகின்றன. இலங்கையில் இத்தகைய படிவைக் காண வேண்டுமானால் நீர்கொழும்புக்குத் தெற்கேயுள்ள முத்துராஜவெலச் சதுப்புக்குப் போகலாம்.

பார்லியை நீரில் ஊறவைத்துச் சில நாட்கள் முளைக்கவிடுவதன் நோக்கம், மாப்பொருளைச் சீனியாக உடைக்கும் நொதியங்களைத் தானியத்துக்குள் உருவாக்குவதாகும். முளை நீண்டு அந்தச் சீனியைத் தானே உண்டுவிடுவதற்கு முன் அதைச் சூட்டினால் நிறுத்த வேண்டும். ஆனால் சூடு மிகுந்தால் நொதியங்களும் அழிந்துபோகும். இதனால் துளைகள் கொண்ட தளத்தின்மேல் ஈரத் தானியம் பரப்பப்பட்டு, கீழே முற்றா நிலக்கரி சுவாலை எழாமல் புகைந்துகொண்டிருக்கும்படி மூட்டப்படுகிறது. உமியின் மேற்பரப்பு ஈரமாக இருக்கும் முதற் சில மணித்தியாலங்களிலேயே புகை நன்றாக ஒட்டிக்கொள்கிறது. தானியம் காய்ந்த பிறகு எவ்வளவு புகைத்தாலும் பெரிய பயனில்லை என்பதால், பிற்பகுதியில் வெறும் சூடான காற்றைச் செலுத்தியே உலர்த்தி முடிக்கிறார்கள்.

பெரும்பாலான தாவரங்களின் உடல் செலுலோசு, அரைச்செலுலோசு, லிக்னின் என்னும் மூன்று பெரும் பொருள்களால் ஆனது. சூடேறும்போது முதலில் அரைச்செலுலோசும் அதையடுத்துச் செலுலோசும் சிதைந்து, இனிப்பும் கருகலும் கலந்த மணமுள்ள சேர்மங்களைத் தருகின்றன. மரத்துக்கு வலிமை கொடுக்கும் லிக்னின் சிதையும்போது பீனோல் வகையைச் சேர்ந்த பொருள்கள் பிறக்கின்றன. இவற்றுள் புகைமணத்துக்கு முதன்மையான குவாயக்கோல், நீரில் நூறு கோடிப் பங்குக்குச் சில பங்கு அளவில் இருந்தாலே மூக்குக்குப் பிடிபட்டுவிடும். பாலை, முதிரை போன்ற வன்மரங்களின் லிக்னினிலிருந்து குவாயக்கோலோடு சிரிங்கோல் என்னும் இன்னொரு பீனோல் வகையும் கணிசமாக வெளிப்படுவதால், நம் விறகடுப்பின் மணம் தடிப்பாகவும் சற்றே இனிமையாகவும் இருக்கிறது. சதுப்புப் பாசியிலோ மரத்தில் உள்ளது போன்ற லிக்னின் கிடையாது; அதிலுள்ள வேறு பீனோல் சார்ந்த பொருள்கள் சிதைந்து, பீனோலையும் அதே வகையைச் சேர்ந்த கிரெசோலையும் கூடுதலாகத் தருகின்றன. ஐலா விஸ்கியை முதன்முறை முகர்பவர் ஆஸ்பத்திரி வாசம் அடிக்கிறது என்று முகம் சுளிப்பதற்கு இதுவே காரணம். ஜோசப் லிஸ்டர் 1865இல் கிளாஸ்கோவில் காயங்களைத் தூய்மைப்படுத்தப் பயன்படுத்திய காபோலிக் அமிலம் பீனோலேதான். டெற்றோலின் மூலப்பொருளும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. ஆகவே அந்த முகச்சுளிப்பில் தவறு காண்பதற்கில்லை.

புகையின் அளவைத் தயாரிப்பாளர்கள் பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு பீனோல் என்று குறிப்பிடுகிறார்கள். லகவூலினுக்கு ஏறத்தாழ 35, ஆர்ட்பெக்குக்கு ஏறத்தாழ 55 என்பார்கள். இந்த எண்களை நம்பிப் போத்தல் வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவை உலர்த்திய தானியத்தில் அளந்தவை, போத்தலில் உள்ள பானத்தில் அளந்தவை அல்ல. அரைத்தல், ஊறவைத்தல், நொதித்தல், இருமுறை வடித்தல் என்னும் ஒவ்வொரு கட்டத்திலும் பெரும் பங்கு இழக்கப்படுகிறது. மதுசாரமாகிய எதனோல் ஏறக்குறைய 78 பாகை செல்சியசில் கொதிக்கிறது. பீனோலின் கொதிநிலை ஏறக்குறைய 182, குவாயக்கோலினுடையது 205. எனவே புகைச் சேர்மங்கள் வடிப்பின் பிற்பகுதியிலேயே மிகுதியாக வெளிவருகின்றன. வடிப்பவர் எந்தக் கணத்தில் சேகரிப்பை நிறுத்துகிறார் என்பதில்தான் ஒரே தானியத்திலிருந்து மென்மையான விஸ்கியோ காரமான விஸ்கியோ கிடைப்பது தங்கியிருக்கிறது. பீப்பாவில் ஆண்டுகள் செல்லச் செல்லப் புகை மேலும் தணிகிறது.

நம் பனங்கள்ளிலும் அதிலிருந்து வடிக்கும் சாராயத்திலும் இந்தப் புகை ஏன் இல்லை என்பதும் இவ்விடத்தில் விளங்கும். பாளையைச் சீவியதும் சீனி நேரே முட்டிக்குள் வடிந்து, அங்கேயே நொதிக்கத் தொடங்கிவிடுகிறது; முளைக்கவைக்கவும் உலர்த்தவும் அங்கு தானியமில்லை, ஆகவே புகை ஏறவும் இடமில்லை. வாழைக்குலைக்குப் புகை ஊதிப் பழுக்கவைக்கும்போது நாம் புகையைப் பயன்படுத்துவது உண்மைதான், ஆனால் அங்கே வேலை செய்வது எதிலீன் என்னும் வாயு. பீனோல்கள் தோலில் மணமாக மட்டும் ஒட்டியிருக்கும்.

விஸ்கியில் சிறிது நீர் விடும்போது மணம் எழுவதற்கும் விளக்கம் உண்டு. சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியோர்ன் கார்ல்சன், ரான் ஃப்ரீட்மன் ஆகிய இருவரும் 2017இல் வெளியிட்ட கணினி மாதிரி ஆய்வின்படி, எதனோல் 45 சதவீதம் வரை இருக்கும்போது குவாயக்கோல் திரவத்தின் மேற்பரப்பை அண்டி நிற்கிறது. 59 சதவீதத்துக்கு மேலே போனால் எதனோல் மூலக்கூறுகள் அதைச் சூழ்ந்துகொள்ள, அது உள்ளே அமிழ்ந்துவிடுகிறது. மேற்பரப்பில் நிற்பதே மூக்கை வந்தடைகிறது.

சமையலில் இந்த விஸ்கியைச் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் கொதிக்கும் குழம்பில் ஊற்றினால் மது முழுவதும் ஆவியாகிவிடும் என்று நம்புகிறார்கள். அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் அட்டவணை வேறு கதை சொல்கிறது: தீ மூட்டி எரியவிட்ட பிறகும் 75 சதவீத மது எஞ்சுகிறது, கலந்து 15 நிமிடம் சமைத்தால் 40 சதவீதமும், ஒரு மணித்தியாலம் சமைத்தால் 25 சதவீதமும், இரண்டரை மணித்தியாலத்துக்குப் பின் 5 சதவீதமும் மீந்திருக்கும். மதுவைத் தவிர்ப்போருக்கும் சிறுவருக்கும் பரிமாறும் வீட்டில் இதைச் சொல்லாமல் விடுவது சரியல்ல. பீனோல்கள் நீரைவிடக் கொழுப்பில் நன்றாகக் கரைவதால், தேங்காய்ப்பால் சேர்த்த கறியில் புகைமணம் சட்டெனக் கிளம்பாது. கொழுப்பில் தங்கி, வாய்க்குள் மெதுவாக விடுபடும். பனங்கட்டியையும் பழப்புளியையும் கரைத்து வற்றவைத்து, வாட்டிய கோழியின்மேல் பூசும் சாற்றில் ஒரு தேக்கரண்டி புகை விஸ்கி போதுமானது. அதையும் அடுப்பை அணைக்கச் சற்று முன்னர் சேர்ப்பதே நல்லது. நீண்ட நேரம் கொதிக்கும்போது பீனோல்களும் நீராவியோடு கலந்து வெளியேறுகின்றன, அப்போது விலையுயர்ந்த போத்தலின் பயன் குசினிக் கூரைக்குத்தான் போய்ச் சேரும்.

மது வேண்டாதவர்களுக்குச் சிரட்டைத் தணல் இருக்கிறது. சிரட்டையில் லிக்னின் மிகுதி. சமைத்த கறியின் நடுவே சிறு கிண்ணத்தில் தணலை வைத்து, அதன்மேல் காய்ந்த சிரட்டைத் துண்டுகள் சிலவற்றை இட்டு மூடினால், எழும் புகையின் பீனோல்கள் மேலே மிதக்கும் எண்ணெயில் கரைந்துவிடும். சுவாலை எழுந்து கரும்புகை வருமளவுக்கு எரியவிட்டால் புற்றுநோயோடு தொடர்புபடுத்தப்படும் பென்சோபைரீன் போன்ற பொருள்களும் கசப்பும் சேரும் என்பதால், புகை மெல்லியதாக இருக்கும்போதே, இரண்டு மூன்று நிமிடங்களில் மூடியைத் திறந்து கிண்ணத்தை வெளியே எடுத்துவிட வேண்டும்.