ஆறு பிரித்ததை ஊசி சேர்த்தால்

மீன் தொட்டி வைத்திருப்பவர்களிடம் சினோடோன்டிஸ் கெளுத்திகளுக்குத் தனி மவுசு உண்டு. ஆப்பிரிக்க ஆறுகளிலும் ஏரிகளிலும் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. புள்ளிகளின் அளவும் அடுக்கும் இனத்துக்கு இனம் வேறு. இவற்றில் அரிய இனம் ஒன்றின் பெயரைச் சொல்லி வாங்கிய குட்டி, வளர வளர எந்த இனத்தோடும் ஒத்துப்போகாமல் நிற்பதுண்டு. புள்ளி ஒன்றைப் போல, முதுகுத் துடுப்பு இன்னொன்றைப் போல. இப்படி வருபவை பெரும்பாலும் பண்ணையில் ஹார்மோன் ஊசி போட்டு உருவாக்கிய கலப்பினங்கள்.

இரண்டு இனங்கள் சேர்ந்தால் வாரிசு வராது என்றுதானே பள்ளியில் படித்தோம்? மீன்களிடம் அந்த விதி அவ்வளவு கறாராகச் செல்லுபடியாகாது. பெரும்பாலான கெளுத்திகளில் கருவுறுதல் உடலுக்கு வெளியே, தண்ணீரில்தான் நடக்கிறது. முட்டையின் ஓட்டில் மைக்ரோபைல் என்ற ஒரு நுண்துளை இருக்கும். விந்தணு அதன் வழியாக உள்ளே போகும். நெருங்கிய உறவுள்ள இனத்தின் விந்தணு வந்தால் அந்தத் துளை பெரிதாகத் தடுப்பதில்லை. தடுப்பு வேறு இடத்தில் இருக்கிறது: இரண்டு இனங்களும் ஒரே ஆற்றில் இருக்காது, இருந்தாலும் ஒரே பருவத்தில் முட்டையிடாது, ஒரே பருவத்தில் இட்டாலும் ஒன்றின் காதல் சடங்கு மற்றதற்குப் புரியாது.

அந்தச் சடங்கு எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு, தென் அமெரிக்காவின் சிறிய கெளுத்தியான கோரிடோரஸ் நல்ல உதாரணம். பெண் மீன் ஆணின் வயிற்றில் வாயை ஒட்டிக்கொண்டு, இருவரும் ஆங்கில 'டி' எழுத்தைப் போல நிற்பார்கள். வெண்கலக் கோரிடோரஸில் பெண் விந்தை விழுங்கி, அது குடல் வழியாக வேகமாகக் கடந்து வந்து, இடுப்புத் துடுப்புகளுக்கு இடையே பிடித்திருக்கும் முட்டைகள்மேல் சேர்கிறது என்று 1995இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். கேட்க விசித்திரமாக இருந்தாலும், இதில் ஒரு விஷயம் தெளிவு: இருவரின் ஒத்துழைப்பு இல்லாமல் எதுவும் நடக்காது.

ஊசி இந்த ஒத்துழைப்பையே தேவையற்றதாக்கிவிடுகிறது. தொட்டியிலும் குளத்திலும் வளரும் பல பெரிய கெளுத்திகளுக்கு முட்டை ஓரளவு முதிரும், அதோடு நின்றுவிடும். மழை வந்து ஆறு பெருகும்போது கிடைக்கும் சமிக்ஞை அங்கே இல்லை. இயற்கையில் அந்தச் சமிக்ஞையைக் கண்டதும் மூளை பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டும், அது வெளியிடும் ஹார்மோன் முட்டையைக் கடைசிக் கட்டத்துக்குக் கொண்டுபோகும். டோபமைன் இதற்கு முட்டுக்கட்டை போடும் வேதிப்பொருள். ஆகவே பண்ணையில் இன்னொரு மீனின் பிட்யூட்டரி சாற்றையோ, மூளை ஹார்மோனின் செயற்கை வடிவத்தோடு டோபமைனை முடக்கும் டோம்பெரிடோனையோ செலுத்துகிறார்கள். பிட்யூட்டரி முறைக்கு 1930களிலேயே பிரேசிலில் ரோடோல்போ வான் இஹெரிங் வழி திறந்துவிட்டார்.

ஊசி போட்டுச் சில மணி நேரம் கழித்து, பெண்ணின் வயிற்றை மெல்ல அழுத்தினால் முட்டைகள் கிண்ணத்தில் வழியும். ஆண் கெளுத்திகள் பலவற்றுக்கு அழுத்தினால் விந்து வராது. விந்தகத்தையே அறுத்தெடுத்து நசுக்க வேண்டும். அந்த ஆணின் கதை அதோடு முடிந்தது. முட்டையையும் விந்தையும் கலந்து தண்ணீர் ஊற்றினால் விந்தணுக்கள் விழித்துக்கொள்ளும், ஓரிரு நிமிடங்களுக்குள் ஓய்ந்தும் விடும். அதற்குள் எந்த இனத்தின் விந்து கிண்ணத்தில் இருந்ததோ, அதுதான் தந்தை.

அமேசானின் ரெட்டெயில் கெளுத்தியையும் டைகர் ஷவல்நோஸையும் கலந்த குட்டிகள் இப்படித்தான் கடைக்கு வருகின்றன. விரல் நீளத்தில் அழகாக இருக்கும். ரெட்டெயில் ஒரு மீட்டரைத் தாண்டி வளரும் மீன், ஷவல்நோஸும் சளைத்ததல்ல. இவற்றின் வாரிசை வீட்டுத் தொட்டிக்கு விற்பதை நியாயப்படுத்த எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

எல்லாக் கலப்பினமும் மலடா? இல்லை. தாய்லாந்தில் உணவுக்காகப் பெருமளவில் வளர்க்கப்படும் கலப்பினத்தின் தாய் கிளாரியஸ் மேக்ரோசெஃபாலஸ், அதற்கு 54 குரோமோசோம்கள். தந்தையான ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு 56. பிள்ளைக்கு 55. உடல் நன்றாக வளரும், ஆனால் விந்தணு உருவாகும்போது குரோமோசோம்கள் ஜோடி சேர்வதில் சிக்கல். இதற்கு மாறாக ஷவல்நோஸ் வகையில் பிரேசில் பண்ணைகள் கலக்கும் இரண்டு இனங்களுக்கும் 56தான், அவற்றின் கலப்பினங்கள் இனப்பெருக்கமும் செய்கின்றன. பிரேசிலில் பண்ணையிலிருந்து தப்பிய அத்தகைய மீன்களை ஆறுகளிலேயே பிடித்திருக்கிறார்கள்.

ஊசியே இல்லாமலும் கலப்பு நடக்கும். வாயால் பரப்புகளில் ஒட்டிக்கொள்ளும் கெளுத்திகளான பிளெக்கோக்களில் ஆண் குகையைப் பிடித்துக் காத்திருக்கும், பெண் தேடி வரும். பிரேசிலின் ஷிங்கு ஆற்றிலிருந்து வரும் ஹைபன்சிஸ்ட்ரஸ் என்ற பிளெக்கோ வகைகள் இரண்டை ஒரே தொட்டியில் போட்டு, பெண்ணுக்குத் தன் இனத்து ஆண் கிடைக்காமல் செய்துவிட்டால், பக்கத்துக் குகைக்குள் போய்விடும். எந்தச் சந்தேகமும் இல்லாமல் அந்த ஆண் குஞ்சுகளைக் காக்கும். 'எல்' எண் வேறாக இருந்தால் இனம் வேறு என்றோ, எண் இருந்தால் தூய மீன் என்றோ நினைக்க வேண்டாம். அது 1988இல் ஒரு ஜெர்மன் மீன் இதழ், பெயரிடப்படாத பிளெக்கோக்களை அடையாளம் காட்டத் தொடங்கிய வரிசை எண், அவ்வளவுதான்.

சரி, பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதா? முதல் தலைமுறையில் ஓரளவு முடியும். குஞ்சுகள் பெரும்பாலும் இரு பெற்றோருக்கும் நடுவே, ஒன்றுபோல ஒன்று இருக்கும். சினோடோன்டிஸில் தோளருகே பின்னோக்கி நீளும் எலும்பின் வடிவம், கீழ்த்தாடைப் பற்களின் எண்ணிக்கை போன்றவை பெயரோடு பொருந்துகின்றனவா என்று பார்ப்பார்கள். வம்பு இரண்டாம் தலைமுறையில்தான். கலப்பினங்கள் தமக்குள் கூடினால், சீட்டுக்கட்டைக் குலுக்கியதுபோல மரபணுக்கள் புதிதாக அடுக்கப்படும். ஒரு குஞ்சு அச்சு அசல் பாட்டியைப் போலவே பிறக்கலாம். அதைத் தூய இனம் என்று மனதார நம்பி விற்பவரும் இருப்பார்.

மரபணுச் சோதனைக்கும் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. இனம் காண வழக்கமாகப் படிப்பது மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ. அது தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. எனவே கலப்பினத்தைச் சோதித்தால் தாயின் இனப் பெயர் சுத்தமாக வந்து நிற்கும். தந்தையின் தடயமே இருக்காது. செல்லின் உட்கருவில் உள்ள டிஎன்ஏவையும் சேர்த்துப் படித்தால்தான் இரண்டு பக்கமும் தெரியும்.

கலப்பின மீனை வைத்திருப்பதில் தவறில்லை, நன்றாக வாழும், தொட்டியிலும் அழகு. அதைப் பெருக்கி, தாத்தாவின் பெயரை ஒட்டி அடுத்தவருக்குக் கொடுப்பதுதான் கேடு. குஞ்சு பொரிக்க வைப்பவர் ஒரு தொட்டிக்கு ஒரே நெருங்கிய இனம் என்று வைத்துக்கொண்டு, தாய் தந்தை எந்த ஆற்றிலிருந்து, யாரிடமிருந்து வந்தன என்று எழுதிவைத்தால் போதும். அப்புறம் வாங்குபவரும் அந்தக் குறிப்பைக் கேட்டு வாங்கலாம்.