பழ ஈயின் தலைக்குள் ஒரு திசைகாட்டி

கண்ணாமூச்சி ஆட்டத்தில் கண்ணைக் கட்டிய பிறகும், வாசல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது சிறிது நேரத்துக்கு நினைவிருக்கிறதே, அது எப்படி என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். தலை ஒரு குறிப்பிட்ட திசையை நோக்கும்போது மட்டும் துடிக்கும் நரம்பணுக்கள் எலியின் மூளையில் இருப்பதை ஜேம்ஸ் ராங்க் 1984இல் அறிவித்தார். அவ்வணுக்களை ஒரு வளையமாகக் கற்பனை செய்து, ஒவ்வொன்றும் அருகில் இருப்பவற்றைத் தூண்டி, தொலைவில் இருப்பவற்றை அடக்கினால், எப்போதும் ஒரே ஒரு இடத்தில் மட்டும் துடிப்பு நிலைத்திருக்கும் என்று 1990களில் கோட்பாட்டாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

எலியின் மூளையில் அவ்வணுக்கள் வட்டமாக அமைந்திருக்கவில்லை. வளையம் என்பது கணக்கின் வசதிக்காக வரைந்த படம் மட்டுமே. ஆனால் கசகசா விதையளவே உள்ள பழ ஈயின் மூளையில், நடுப்பகுதியில், அது உண்மையாகவே வளையமாக இருக்கிறது! அமெரிக்காவின் ஜனேலியா ஆய்வு வளாகத்தில் யோகன்னஸ் சீலிக்கும் விவேக் ஜெயராமனும், காற்றில் மிதக்கும் ஒரு பந்தின் மீது ஈயை நடக்கவிட்டு, துடிக்கும் அணுக்கள் ஒளிரும்படி செய்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, ஈ திரும்பும்போதெல்லாம் ஓர் ஒளித்திட்டு அந்த வளையத்தில் சுற்றி வந்ததை 2015இல் வெளியிட்டார்கள். விளக்கை அணைத்த பிறகும் திட்டு அணையவில்லை.

அத்திட்டை நகர்த்துவது எது என்பதுதான் என்னை மிகவும் கவர்ந்த பகுதி. திட்டிலிருந்து செய்தி பெறும் இரண்டு அணுக்கூட்டங்கள் இருக்கின்றன. ஒன்று தான் பெற்ற செய்தியை வளையத்தில் ஓரடி வலப்புறம் தள்ளியும், மற்றது ஓரடி இடப்புறம் தள்ளியும் திருப்பிக் கொடுக்கிறது. ஈ நேராக நடக்கும்போது இரண்டும் சமமாக இழுப்பதால் திட்டு அசைவதில்லை. ஈ திரும்பினால் ஒரு கூட்டத்தின் துடிப்பு கூடிவிட, ஒரு பக்க வடத்தை மட்டும் பலமாக இழுத்த தேரைப் போலத் திட்டு அப்பக்கமாக நகர்கிறது. வளையத்தின் வேறோர் இடத்தை ஒளியால் செயற்கையாகத் தூண்டியபோது பழைய திட்டு அணைந்து அங்கே புதிது தோன்றியதை ஜெயராமன் குழுவினர் 2017இல் காட்டினார்கள்; ஒன்றுக்கு மேல் நிலைக்காது என்ற பழைய கணக்கு அப்படியே பலித்தது. ஈயை ஆராயப் பணம் எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் முதலில் காட்டுவது இந்தச் சோதனையைத்தான்.

இருட்டில் ஒவ்வொரு திருப்பத்திலும் சிறு பிழை சேர்ந்து திட்டு மெல்ல வழுவுகிறது; கண்ணுக்கு ஓர் அடையாளம் தென்பட்டதும் அதற்கேற்ப மீண்டும் சரியாகிவிடுகிறது. மனிதரின் மூளையில் இந்த ஏற்பாடு எவ்வாறு அமைந்திருக்கிறது என்பதை ஈயைப் போல ஒவ்வொரு நரம்பணுவாகப் பார்க்க இன்னும் வழியில்லை என்றாலும், கண்ணைக் கட்டிக்கொண்டு பலமுறை சுற்றியவர் வாசலைத் தவறவிட்டுச் சுவரில் போய் முட்டுவதும் இத்தகைய பிழைச் சேர்க்கையால்தான் என்று கருத இடமிருக்கிறது.